40 பக்க நோட்டு

கோத்தகிரி,
ஞாயிறு காலை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணனுக்கு டிஎம்டி (நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி) பாசிட்டிவ், ஆஞ்சியோவில் இதயத்தின் ஒரு ரத்தக் குழாயில் 70 சதவீத அடைப்பு, வருகிற வாரமே குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் சரி. கடைசியில், "நமக்கு என்னடி தெரியும், டாக்டர் சொன்னால் கையெழுத்துப் போட வேண்டியதுதான்" என்று முடித்திருக்கிறாயே, அந்த வரிதான் மூன்று நாளாக என்னை விடவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு நடந்ததைப் போனில் உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முழுதாக எழுதுகிறேன்.

2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். விடிகாலை ஐந்து மணிக்கு முழிப்புத் தட்டியது. நெஞ்சு வலிக்கவே இல்லை. தாடையில் ஒரு இறுக்கம், முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே பாரம், குமட்டல். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைய வேர்த்தது. முந்தின இரவு மொச்சைக் குழம்பு வைத்திருந்தேன். வாயுப் பிடிப்புதான் என்று முடிவு கட்டி, ஓமக் கஷாயம் போட்டுக் குடித்துவிட்டு, முதுகில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். இப்படியே இரண்டு மணி நேரம் போய்விட்டது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படி அஜீரணம் போலவும் அசதி போலவும் வருவது உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கோ இரண்டுமே பொருந்தும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பால் வாங்கப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வாயு இல்லை, எழுந்திருங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தார்கள். ஒரு கை நிறைய மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் கொடுக்கிற 14 மாத்திரைகள் அவை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 8. அப்புறம் 108 வந்தது.

இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுக்க வளைவு. அங்கிருந்து கோவை இன்னும் அவ்வளவு தூரம். மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் உயிர்க்கணக்கு. முழு அடைப்பு வந்தவரை 120 நிமிடத்துக்குள், அடைத்த குழாயைப் பலூனால் விரிக்கும் பலூன் சிகிச்சை செய்ய முடியாது என்றால், முதலில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அதன் பிறகு கீழே அனுப்ப வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. எனக்கும் இங்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள். ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் மறுநாள் கோவையில்.

அந்த ஊசிக்கு முன்னால் அந்த இளம் டாக்டர் கேட்டதை மறக்கவே முடியாது. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, பக்கவாதம் வந்திருக்கிறதா, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஏதாவது நடந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை" என்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு நான் தினமும் விழுங்குகிற மாத்திரையின் பெயர் தெரியவில்லை. அவர் என் இதயத்தை ஒரு காகிதத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் என் உடம்பின் கதையைச் சொல்ல வேண்டியவள் நான். என்னிடம் அது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோவையில் டிஸ்சார்ஜ் ஆகும்போது எட்டுப் பக்கச் சம்மரி கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலம். எந்த மாத்திரை எதற்கு, எதை நிறுத்தக் கூடாது என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. மூன்றாம் மாதம் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. அதனால் நானாகவே குளோபிடோக்ரலை நிறுத்திவிட்டேன். ஒன்பது நாள். ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் அதை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திரும்பவும் மாரடைப்பு வரலாம். சோதனைக்குப் போன இடத்தில் இப்போது என்னைப் பார்க்கும் இதய மருத்துவர் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டவில்லை. "இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் மாத்திரைப் பெயர், அளவு, எதற்கு, எந்தத் தேதியில் தொடங்கியது. அடுத்த பக்கத்தில் எனக்கு ஆகாதவை. அப்புறம் எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு. என் இதயத்தின் பம்பிங் 45 சதவீதம். 55-க்கு மேல் இருந்தால் நல்லது. கெட்ட கொழுப்பு அப்போது 112, 70-க்குக் கீழே வர வேண்டும் என்றார் டாக்டர், இப்போது 64. மீதிப் பக்கமெல்லாம் பிரஷர். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பார்க்க வேண்டும். காப்பி குடித்த உடனே பார்க்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் என் பிரஷர் ஏறுவதை அந்த நோட்டுதான் காட்டிக் கொடுத்தது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அந்த மாதங்களுக்கு மட்டும் மாத்திரை அளவை மாற்றித் தருகிறார்.

போன வருஷம் இரண்டு மாதமாக வறட்டு இருமல். இங்கே இருமினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பனி என்பார்கள். துளசி, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் இருமல். டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்களே" என்றார். சிலருக்கு அந்த வகை மாத்திரை வறட்டு இருமலைக் கொடுக்குமாம். டெல்மிசார்ட்டன் என்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், என்னோடு ராத்திரி இருமிக்கொண்டு உட்கார்ந்தவர் இல்லையே.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. ஸ்டென்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே வலி, வலி நாளுக்கு நாள் கூடுவது, ராத்திரி எழுப்புகிற வலி, வேர்வை என்று எதுவாவது இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போ. அங்கே ஒரு கேள்வியும் கேட்காதே. அது அவசரம்.

ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால், கோயிலைச் சுற்றி வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சில் இறுக்கம், நின்றால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது, ஆறு மாதமாக ஒரே மாதிரி இருக்கிறது. இது வேறு ரகம். என் டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒரு தாளில் இதயத்தை வரைந்து விளக்கினார். இப்படி நிலையாக இருக்கிற வலிக்காரர்கள் 5,179 பேரை 37 நாடுகளில் வைத்துச் செய்த இஸ்கீமியா என்ற ஆராய்ச்சி 2020-ல் வெளிவந்தது. அதில் இந்தியர்களும் உண்டு. முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களையும், மாத்திரையோடு தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மூன்று வருஷம் போல் பார்த்ததில் உயிரிழப்பிலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி குறைவதில் மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் நன்றாக இருந்தது. ஆனால் இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருப்பவர்களையும், பம்பிங் மிகவும் குறைந்தவர்களையும் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

அதனால் டாக்டரிடம் கேள். அடைப்பு எந்தக் குழாயில்? பம்பிங் எவ்வளவு? மாத்திரையை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? ஒரு மாதம் பொறுத்தால் என்ன ஆபத்து? இதைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அவர் இன்றே வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடு. அந்த நிம்மதி உனக்கு இப்போது இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆஞ்சியோ சிடியையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கு. தர யோசித்தால் எழுதிக் கொடு. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன. இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டுவது முதல் டாக்டரை அவமதிப்பது இல்லை. செலவைப் பற்றியும் கூச்சப்படாமல் கேள். 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்ட்டுக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. பில்லில் அதைத் தனியாகக் காட்டச் சொல்.

என் பாடு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் வெயில் ஏறிய பிறகு லாங்வுட் சோலை வரை நடக்கிறேன். ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம், அவ்வளவுதான். உனக்குப் பிடித்த வர்க்கியை, அந்த மொறுமொறு பிஸ்கட்டை, மட்டும் விட்டுவிட்டேன். வனஸ்பதி போட்டுச் செய்வது. தேநீர் நேரத்தில் பக்கத்து பேக்கரி வாசனை வரும்போது இன்னும் மனசு கேட்கத்தான் செய்கிறது. ஊறுகாயும் அப்பளமும் போயே போய்விட்டன.

ஒரு வேலை தருகிறேன், இன்றே செய். அண்ணனோடு சாயங்காலம் கோயிலுக்குப் போ. எத்தனையாவது சுற்றில் இறுக்கம் வருகிறது, எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, நின்றபின் எத்தனை நிமிடத்தில் தணிகிறது என்று உன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள். அவரைக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார், ஆகையால் முகத்தைப் பார்த்து எழுது. நடுவில் வலி வந்தால் மேலே நடக்க விடாதே, உட்கார வை. டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருந்தால் அது சட்டைப் பையில் இருக்கட்டும். செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. எழுதியதை அப்படியே படித்துக் காட்டு, நானும் என் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி