பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள்: இளைஞர் ஆதரவுத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். பள்ளியை விட்டு நின்றுபோன, போதைப் பழக்கத்தில் விழுந்த, போலீஸ் கேஸில் மாட்டிய, வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளுக்காகத் திட்டம் போடுகிறவர்கள் நீங்கள். அந்தத் திட்டங்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் களப்பணியாளர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் வகுக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை பிள்ளையை மட்டுமே உள்ளே கூப்பிடுகின்றன. குடும்பம் வாசலிலேயே நிற்கிறது. அதை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஆதரவு மையத்தில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். பையனை அறைக்குள் அழைத்துப் போகிறார்கள். கவுன்சிலிங் தொடங்குகிறது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பை. அதற்குள் பள்ளியிலிருந்து வந்த கடிதம், மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததன் நகல். கேட்பார்களோ என்று எல்லாவற்றையும் அடுக்கி எடுத்து வந்திருக்கிறாள். யாரும் கேட்பதில்லை. படிவத்தில் அவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு கோடு: பெற்றோர் கையொப்பம். பையன் எப்போதிலிருந்து ராத்திரியில் தூங்குவதில்லை, யார் வந்து கூப்பிட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போகிறான், எந்தச் சண்டைக்குப் பிறகு அப்பாவோடு பேச்சு நின்றது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். உள்ளே ஆற்றுப்படுத்துநர் அதையே பையனிடமிருந்து வரவழைக்கப் பல வாரம் போராடுவார்.

இதே அம்மா இதே விஷயத்தைப் பள்ளியில் சொல்லியிருப்பாள், மருத்துவரிடம் சொல்லியிருப்பாள், நலத்துறை அலுவலகத்தில் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து. நாலாவது இடத்துக்கு வரும்போது அவளுக்கே அலுத்துப்போய், "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறான், அவ்வளவுதான்" என்று முடித்துக்கொள்கிறாள். அந்த ஒற்றை வரிதான் கோப்பில் ஏறுகிறது. அதை வைத்துத்தான் அவனுக்கு என்ன செய்வது என்று முடிவாகிறது.

அப்பா வருவதே இல்லை என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி குறை சொல்லப்படுகிறது. மையம் திறந்திருப்பது வேலை நேரத்தில் மட்டும். தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தால்தான் உண்டு. இரண்டு முறை வராவிட்டால் "ஒத்துழைக்காத குடும்பம்" என்று குறிப்பு எழுதியாகிவிடும். அந்தக் குறிப்பு நீதிமன்றம் வரைக்கும் பையனோடு போகும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

பிள்ளையைத் தனியாகப் பிரித்தெடுத்துத் திருத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். அது என்ன செய்யும் என்பதும் ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம்தான். 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரு ஊர்களில் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கிவைத்தார். தடம் மாறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பல ஆண்டுகள் உதவி. ஆலோசகர் வீட்டுக்கு வந்து பார்த்தார், பாடம் சொல்லித்தரப்பட்டது, மருத்துவம் கிடைத்தது, கோடை முகாமுக்கும் அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்போன ஜோன் மெக்கார்டு 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள். ஆனால் ஆவணங்களைப் புரட்டியபோது, குற்றம், குடிப்பழக்கம், மனநோய், அகால மரணம் என்று பல அளவீடுகளில் உதவி பெறாதவர்களைவிட அவர்கள் நிலை மோசமாக இருந்தது. பின்னர் டிஷன், மெக்கார்டு, பூலின் மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. திரும்பத் திரும்பக் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடம்தான் அந்தக் கேடு குவிந்திருந்தது. ஒரே மாதிரிச் சிக்கலில் இருக்கும் பையன்களை ஓரிடத்தில் சேர்த்துவைத்தால், ஒருவன் சொல்லும் சாகசத்துக்கு மற்றவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எந்தப் பாராட்டுப் பத்திரத்தையும்விடப் பெரியது அந்த வயதில்.

இதைத் தெரிந்த பிறகும் "நடத்தை மாற்ற முகாம்" என்று வருகிற திட்ட வரைவுகளை நீங்கள் ஏன் அனுமதிக்கிறீர்கள்? புகைப்படம் எடுக்க முகாம் வசதியானது, எண்ணிக்கை காட்டவும் வசதியானது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பயமுறுத்தித் திருத்துவது இதைவிட மோசம். 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராவே சிறைக்கு இளைஞர்களை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். அந்த முறை பல இடங்களுக்குப் பரவியது. அதைப் பற்றி, அனுப்பப்பட்டவர்களையும் அனுப்பப்படாதவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஒன்பது ஆய்வுகளை அந்தோணி பெட்ரோசினோவும் சகாக்களும் சேர்த்துப் பார்த்தபோது, சிறையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் சும்மா விடப்பட்ட பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியது தெரிந்தது. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட அவர்களுக்கு நல்லதாகியிருக்கும்.

இளையோர் குற்றத்தில் விழாமல் தடுப்பது பற்றி ஐ.நா. பொதுச்சபை 1990இல் ஏற்றுக்கொண்ட ரியாத் வழிகாட்டுதல்களிலும் இதற்கு இடம் இருக்கிறது. சமூகத்தின் நெறிகளுக்குப் பொருந்தாத நடத்தை பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு பகுதி, பெரும்பாலோரிடம் வயது ஏற ஏறத் தானாக மறைந்துவிடும் என்று அது சொல்கிறது. ஒரு முறை தவறியவனுக்கும், பல வருடமாக அடி உதைக்கு நடுவே வளர்ந்தவனுக்கும் ஒரே திட்டத்தைப் போர்த்துவது இரண்டு பேருக்குமே அநியாயம். முன்னவனை அவன் பள்ளியிலும் நண்பர்களோடும் இருக்க விட்டு, தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டாலே போதும். பின்னவன் வீட்டுக்குத்தான் நாம் போக வேண்டும்.

போவது என்றால் எப்படி? மல்டிசிஸ்டமிக் தெரபி என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பணியாளருக்கு ஒரு சமயத்தில் நாலு முதல் ஆறு குடும்பங்கள்தான். சந்திப்பு வீட்டில், குடும்பத்துக்குத் தோதான நேரத்தில். இரவில் சண்டை மூண்டால் அழைக்க ஒரு தொலைபேசி எண். பெற்றோர் ஒரு பேச்சில் எப்படி உறுதியாக நிற்பது, பள்ளி ஆசிரியரோடு எப்படிப் பேசுவது, எந்த உறவினரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது என்று வேலை முழுக்கப் பெரியவர்களோடு நடக்கும். அமெரிக்காவில் நடந்த சில ஆய்வுகளில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் இங்கிலாந்தில் 684 குடும்பங்களை வைத்து நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், அங்கே ஏற்கெனவே கிடைத்துவந்த சேவைகளைவிட இது மேலாக இல்லை. ஆகவே எந்தப் பெயர்பெற்ற திட்டத்தையும் விலைக்கு வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குறைவான குடும்பங்கள், வீட்டுக்குப் போகும் வேலை, பெரியவர்களுக்குக் கைகொடுப்பது: இந்த மூன்றும் உங்கள் இப்போதைய சேவையில் இருக்கின்றனவா என்றுதான் கேட்கிறேன். ஒரே பணியாளர் தலையில் டஜன் கணக்கில் கேஸ்களைக் கட்டிவிட்டால் அவர் வீடுகளுக்குப் போக மாட்டார். கோப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

முடிவு எடுக்கும் இடத்திலும் குடும்பம் இருக்க வேண்டும். நியூசிலாந்து 1989இல் கொண்டுவந்த சட்டம், குடும்பக் கூட்டம் என்ற ஏற்பாட்டை நீதி நடைமுறைக்குள் வைத்தது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்கள் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்படுவதை எதிர்த்து எழுப்பிய குரல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பாட்டி, சித்தப்பா, மாமா, பாதிக்கப்பட்டவர், அந்த இளைஞன் எல்லாரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். ஒரு கட்டத்தில் அதிகாரிகள் வெளியே போய்விடுகிறார்கள். குடும்பம் தனியாகப் பேசி ஒரு திட்டத்தோடு வருகிறது. தோளுக்கு மேல் வளர்ந்த பையனை அம்மாவால் ஒற்றை ஆளாக அடக்க முடியாது. மாமாவும் பாட்டியும் ஆளுக்கொரு பொறுப்பை எல்லார் முன்னாலும் ஏற்றுக்கொண்டால் அவளுக்கு மூச்சு வரும். எல்லா வீடும் பத்திரமான வீடு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அடிக்கிற கை அந்த வீட்டிலேயே இருந்தால் முதல் வேலை பிள்ளையைக் காப்பது. அப்போதும் ஒரு அத்தையோ அண்ணனோ எங்காவது இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க யாருக்காவது நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. உங்கள் நிதி வருடா வருடம் புதுப்பிக்கப்படுவதால் பணியாளர்களும் வருடா வருடம் மாறுகிறார்கள். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டி ஒருவரோடு ஓராண்டுக்கு மேல் தொடர்பு நீடித்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவர்களுக்குத் தங்கள் மேல் இருந்த மதிப்பே குறைந்தது. பாதியில் விட்டுப்போகும் பெரியவர்களை ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்ட பிள்ளைகள் இவர்கள். அந்த வரிசையில் நாமும் போய் நிற்கிறோம். "அந்த அக்கா ஏன் வரலை?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதை ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கதவோரம் அவள் தம்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எந்தக் கோப்பிலும் அவன் பெயர் கிடையாது. அக்காவைத் தேடி வரும் பணியாளர் அவனிடமும் நாலு வார்த்தை பேசினால் பின்னாளில் அவனுக்கென்று ஒரு கோப்பு திறக்க வேண்டியிராது. ஆனால் எங்கள் மாத அறிக்கையில் அந்தப் பேச்சுக்குக் கட்டம் இல்லை, அதனால் அது வேலையாகவே கணக்கில் வருவதில்லை.

அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டில் கையெழுத்திடும் முன் இவற்றைச் செய்யுங்கள். பணியாளர் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டாக்குங்கள். வாரத்தில் சில நாளாவது மாலையிலும், விடுமுறை நாளிலும் மையம் திறந்திருக்கட்டும். ஒரு பணியாளர் எத்தனை குடும்பங்களைப் பார்க்கலாம் என்பதற்கு உச்சவரம்பை எழுத்தில் வையுங்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு பள்ளி, மருத்துவமனை, நலத்துறை மூன்றுக்கும் பொதுவாக ஒரே கோப்பு, ஒரே பொறுப்பாளர். முகாம்களுக்குப் போகும் பணத்தை இதற்குத் திருப்பினால் பெருந்தொகை எதுவும் புதிதாகத் தேட வேண்டியிராது என்பது என் கணிப்பு. வரைவை இறுதி செய்யும் கூட்டத்துக்கு, இந்தச் சேவைகளில் அலைந்து திரிந்த பெற்றோர் சிலரையும் இளைஞர்கள் சிலரையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு அவர்கள் இழக்கும் கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர்