பச்சிளம் குழந்தையின் இதய அறுவையும் ஸ்டீராய்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்டீராய்டு என்றாலே முகம் ஊதும், எலும்பு தேயும் என்ற பயம் நம் வீடுகளில் வேரூன்றிப் போயிருக்கிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இதய அறுவையின்போது அதைக் கொடுக்கப் போவதாகச் சொன்னால் பெற்றோர் பதறத்தான் செய்வார்கள். ஆனால் அந்த விளைவுகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்களுக்கு வருபவை. அறுவை அரங்கில் ஒரே ஒரு முறை கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதனால் குழந்தைக்கு உண்மையில் பலன் உண்டா?

3 கிலோ குழந்தையின் உடலில் ஓடும் ரத்தமே மொத்தம் 250 மி.லி. அளவுதான். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு அவற்றைச் சரியாகப் பொருத்த, இதயத்தை நிறுத்திவிட்டு அதன் வேலையை பைபாஸ் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும். அதன் குழாய்களை நிரப்பவே குழந்தையின் ரத்த அளவுக்கு நிகரான திரவம் தேவைப்படலாம். ரத்தம் பிளாஸ்டிக் பரப்பில் பட்டதும் உடலெங்கும் அழற்சி கிளம்புகிறது. நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் வீங்கும், நுரையீரல் விறைக்கும், அறுவைக்குப் பின் 6 முதல் 18 மணி நேரத்துக்குள் இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன் குன்றும். இந்த அழற்சியை முன்கூட்டியே அடக்கத்தான் ஸ்டீராய்டு.

வழக்கமான அளவு, மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 30 மி.கி. 3 கிலோவுக்கு 90 மி.கி.; அதாவது, உடலே சுரக்கும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனில் 450 மி.கி.க்குச் சமம். அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி, அந்தக் குழந்தைக்குச் சாதாரண நாளில் சுரப்பது ஒன்றரை மி.கி. போலத்தான் இருக்கும். இவ்வளவு பெரிய அளவைக் கொடுக்க வலுவான சான்று வேண்டாமா?

அமெரிக்காவில் 24 மையங்களில் 1200 கைக்குழந்தைகளிடம் நடந்த 'ஸ்ட்ரெஸ்' ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. இறப்பு, பெரிய சிக்கல்கள், மருத்துவமனையில் தங்கிய நாள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கணக்கிடும் முறையை மாற்றினால் சிறு நன்மை தெரிகிறது என்று வாதிடுவோர் உண்டு. அதை நான் அடியோடு தள்ளவில்லை. ஆனால் சர்க்கரை ஏறி இன்சுலின் தேவைப்பட்டவர்கள் மருந்து பெற்றவர்களில் 19 சதவீதம், மற்றவர்களில் 6.7 சதவீதம். பச்சிளம் குழந்தைகள் 190 பேரிடம் மட்டும் நடத்தி 2019-இல் வெளியான ஆய்விலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. அதற்கு முன், 2012-இல் 25 மையங்களின் பதிவேடுகளில் 3180 பச்சிளம் குழந்தைகளை அலசியபோது, எளிதான அறுவைக்கு உள்ளானவர்களிடம் தொற்று கூடியிருந்தது. ஆகவே எல்லாப் பச்சிளம் குழந்தைக்கும் பழக்கத்தினால் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அறுவையின் கடினத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு மருத்துவமனையின் எழுத்துபூர்வ நெறிமுறையில் இருக்க வேண்டும்.

கொடுப்பதானால் கவனிக்க வேண்டியவை சில. மீதைல்பிரெட்னிசலோன் தூளுடன் வரும் கரைப்பு நீர் சிலவற்றில், கெடாமல் காக்கும் பென்சைல் ஆல்கஹால் கலந்திருக்கும். பச்சிளம் குழந்தையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சுத் திணறும். ஆகவே பென்சைல் ஆல்கஹால் கலக்காத மருந்தா என்று குப்பியின் சீட்டைப் படித்துப் பார்த்த பிறகே கலக்க வேண்டும். ஐசியூவில் முதல் நாள் ரத்தச் சர்க்கரையை மணிக்கொரு முறையாவது பார்ப்பது நல்லது. இன்சுலின் தொடங்கினால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்குவது, ஏறியதைவிட மூளைக்கு ஆபத்து.

அட்ரினலின் போன்ற மருந்துகளை ஏற்றியும் ரத்த அழுத்தம் நிற்காத குழந்தைக்குக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை இதோடு குழப்பக் கூடாது. அது உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மி.கி., அதாவது 3 கிலோ குழந்தைக்கு 10 முதல் 20 மி.கி.; நான்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். சுரப்பி ஈடுகொடுக்காத நிலையில் அதன் குறையை நிரப்புவதே அதன் வேலை. அதைப் பல நாள் தொடர்ந்திருந்தால் சட்டென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போதே இவற்றைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதித் தர வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் பல நாள் பெற்ற குழந்தைக்குச் சில வாரங்களில் கடும் காய்ச்சலோ மறு அறுவையோ வந்தால், அட்ரினல் சுரப்பி தேறிவிட்டதா என்று பார்க்க அடுத்த மருத்துவருக்கு அந்தச் சீட்டுதான் உதவும்.

– குழந்தைகள் இதய மயக்கவியல் மருத்துவர்,
கோயம்புத்தூர்