பந்து தேடித் தந்தவர்களுக்கு

அலுவலக கோல்ஃப் குழுவின் செயலாளர் பொறுப்பை இந்த மாதத்தோடு அடுத்தவரிடம் ஒப்படைக்கிறேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது. பிரிவுபசாரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவன், மேலாளர்களுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உறுத்தியது. அதனால் இந்த மடல்.

முதலில் கணக்குப் பிரிவு அக்காவுக்கு. மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் ஸ்டேபிள்ஃபோர்ட் கணக்கு அவருக்கு அத்துப்படி. 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்கிற டாக்டர் கொண்டுவந்த முறை அது. மொத்த அடியைக் கூட்டாமல் குழிக்குக் குழி புள்ளி போடுவார்கள்: பாருக்கு (அந்தக் குழிக்கென்று வகுத்திருக்கும் அடிக்கணக்கு) 2, அதைவிட ஒரு அடி கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3. ஒரே குழியில் பன்னிரண்டு அடி அடித்துத் திணறினாலும் பூஜ்யத்தோடு போச்சு, பந்தைப் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். பாதிப் பேர் புதிதாக மட்டை பிடித்த எங்கள் குழு கலையாமல் இருந்ததற்கு அந்த டாக்டருக்கும் ஒரு கும்பிடு.

ஹேண்டிகேப் அடிகளை, அதாவது ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகை அடிகளை, எந்தெந்தக் குழிக்குப் பிரித்துக் கழிப்பது என்பதில்தான் நான் சொதப்புவேன். ஒருமுறை கோப்பையைத் தப்பான ஆளிடம் கொடுத்தேவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன்: "சார், பதினோராவது குழியில ஒரு அடி கழிக்கல." நிஜமாக ஜெயித்தவரோ, "கோப்பை அவர் வீட்லயே இருக்கட்டும், எனக்கு பிரியாணி வாங்கிக் குடுங்க" என்று சிரித்தார். அவருக்கும் நன்றி. பிரியாணி இன்னும் பாக்கி.

அப்புறம் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே வரும் கேடி அண்ணன்கள். (தமிழில் எழுதினால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய!) பந்து தேட முன்பு ஐந்து நிமிஷம் இருந்தது, 2019-இலிருந்து மூன்றுதான். நாங்கள் புதரை வெறித்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் காலாலேயே துழாவி எடுத்துவிடுவார்கள்.

கொடைக்கானல் போனதை மறக்கவே முடியாது. 1895-இல் தொடங்கிய கிளப்; அங்கே காட்டெருமைகளும் உறுப்பினர்கள் மாதிரி உலாவும். எங்கள் ஆள் ஒருவரின் பந்து, மேய்ந்துகொண்டிருந்த ஒன்றின் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் மட்டையோடு கிளம்பியே விட்டார். கூட வந்த கேடி அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, "தள்ளி வெச்சு அடிங்க சார், அபராதம் கிடையாது" என்றார். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் சொன்னார்: ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் அபராதம் இல்லாமல் பந்தை வேறிடத்தில் போட்டு ஆடலாம். விதி இல்லாவிட்டாலும் அவர் காலரை விட்டிருக்க மாட்டார்.

வேன் ஓட்டிய தம்பிக்கும், விடிகாலை நாலரைக்கு கேட் திறந்துவிட்ட செக்யூரிட்டி அண்ணனுக்கும் நன்றி. மட்டைகளை இத்தனை வருஷம் தன் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். சொந்த செட் இல்லாதவர்களுக்காகச் சேர்ந்து வாங்கிய இரண்டு செட்டும் அங்கேதான் இருக்கின்றன. ஆட்டத்தின் நடுவில் ஒருவர் மட்டையை இன்னொருவர் வாங்கி அடிப்பது விதிமீறல். நாம் அதையே ஆறு வருஷம் செய்தோம், வெளியே சொல்லாதீர்கள்.

புதிய செயலாளருக்கு ஒரு வார்த்தை: ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை ஒன்று குறைகிறது. யார் எடுத்தீர்களோ, சத்தம் போடாமல் அண்ணன் அறையில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
முன்னாள் செயலாளர்