ரிமாண்டுக்குக் கையெழுத்திடும் முன்: நீதித்துறை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நீதித்துறை நடுவர்களுக்கு, வணக்கம்.

‘அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார்.’ உங்கள் முன் வரும் எத்தனையோ எஃப்ஐஆர்களில் இந்த வரி இருக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 353. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 132. போலீஸ்காரரை உண்மையிலேயே தாக்குகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு இந்தப் பிரிவு வேண்டும்தான். எதிர்த்தவர் என்று சொல்லப்படுபவர் நடக்க முடியாமல் நிற்க, எதிர்க்கப்பட்ட காவலர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத வழக்குகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூன் 19. செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்ஸ், அவருடைய அப்பா ஜெயராஜ். ஊரடங்கை மீறியதாகச் சொல்லி இருவரையும் போலீஸ் பிடித்தது. ஊரடங்கு மீறல் மட்டும் என்றால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஸ்டேஷன் ஜாமீன் கிடைக்காத 353 போன்ற பிரிவுகள் சேர்ந்தன, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். அவர்களே தரையில் புரண்டதில் ஊமைக்காயம் ஏற்பட்டது என்றது எஃப்ஐஆர். ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த லுங்கி ரத்தத்தில் நனைய நனைய, வேறு லுங்கி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தரையில் புரண்டால் அப்படி ரத்தம் வருமா? அதற்குப் பிறகும் சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று கிடைத்தது, சிறையில் அடைக்கும் ரிமாண்ட் உத்தரவும் கிடைத்தது. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை அப்பா.

பொய் வழக்கு என்று பின்னர் சிபிஐ சொன்னது. ஸ்டேஷன் சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே அழியும்படி செட் செய்யப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து எழுதியவர், விசாரணைக்குப் போன ஒரு நீதித்துறை நடுவர். உங்களில் ஒருவர். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நான் வக்கீல். ஞாயிறு இரவுகளில் நடுவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். “போலீஸ் அடிச்சாங்களா?” என்று கேட்பார்கள். அப்போது அந்தப் பையனின் விரல்களைக் கோத்துப் பிடித்திருப்பவர் அதே ஸ்டேஷன் காவலர். “இல்லைங்கய்யா” என்பான். அதுதான் பதிவாகும்.

கேட்கும்முன் காவலர்களை வெளியே நிறுத்துங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள், உள்ளங்காலையும் பாருங்கள். 132 போட்டிருந்தால், அன்றைய ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி அதே ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதுங்கள். காட்சியும் ஒலியும் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்