எவரெஸ்டைத் தாண்டும் வாத்துகள்: ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பட்டைத்தலை வாத்துகள் எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே, காற்று பின்னிருந்து உந்தப் பறந்து வருவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. உயிரியல் ஆசிரியராகப் பல ஆண்டுகள் நானும் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லித் தந்தேன்; ஆகவே இதைத் திருத்துவது என் கடமையாகிறது.

இவ்வாத்துகளின் உடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்டின் உயரமோ 8,849 மீட்டர். பெரும்பாலும் 5,500 மீட்டருக்குக் கீழேயே அவை பறந்திருக்கின்றன. அதுவும் காற்றின் உதவியை எதிர்பார்க்காமல், காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும். மலை ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, தரையை ஒட்டியே செல்கின்றன. ஏறிய உயரத்தை விட்டுக்கொடுத்து மறுபடி ஏறுவது வீண் உழைப்பு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், சிறகடிப்பு 5 சதவீதம் கூடினாலே ஆற்றல் செலவு ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்று மெலிந்த உயரத்தில் வேகமாகச் சிறகடித்துக்கொண்டே இருப்பதைவிட, இறங்கி ஏறுவதே சிக்கனம்.

5,500 மீட்டரும் எளிய உயரமன்று. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். மலையேறும் மனிதர்கள் நாள்கணக்கில் தங்கித் தங்கி உடலைப் பழக்குகிறார்கள். இந்த வாத்தோ தெற்கே சமவெளியிலிருந்து கிளம்பி ஏழெட்டு மணி நேரத்தில் திபெத்தியப் பீடபூமியின் விளிம்பை எட்டிவிடுகிறது. இதற்கான ஏற்பாடு அதன் உடலில் பிறப்பிலேயே இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில், புரோலின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) இருக்க வேண்டிய ஓரிடத்தில் அலனைன் என்ற வேறோர் அமினோ அமிலம் அமைந்திருக்கிறது. இந்தச் சிறு மாற்றம், வேறு சில மாற்றங்களோடு சேர்ந்து, மெலிந்த காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் திறனை இரத்தத்துக்குத் தருகிறது. பிற வாத்துகளைவிட நுரையீரல் பெரிது. சிறகுத் தசைகளில் இரத்த நுண்குழாய்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் தரும் செல்லுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களும் செல்லின் நடுவில் தங்காமல் அந்தக் குழாய்களை ஒட்டி ஓரத்துக்கு நகர்ந்திருக்கின்றன. எனக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று. வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு குறைந்து, மனித மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். இந்த வாத்தின் மூளைக்கோ இரத்த ஓட்டம் குறைவதில்லை.

சென்ற தை மாதம் கூந்தன்குளத்துக் கரையில் நின்று, அறுவடை முடிந்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்தேன். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற சிறுவன், "இதுதான் எவரெஸ்டைத் தாண்டுற வாத்தா?" என்று கேட்டான். தங்கள் இதழைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறும், அதில் 7,290 மீட்டர் என்ற அளவையும் தவறாமல் குறிப்பிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
நாங்குநேரி.