தூண்மேல் நிற்கும் சுவர்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் "பிள்ளை குரலே சரியில்லை" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. போனில் எனக்கு எதையும் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய இலத்தீன் நூல்களில் வரும் கட்டடச் சொற்கள் பற்றிய உன் ஆராய்ச்சியில் உன் பேராசிரியர் "சொற்களா, கட்டடமா, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று சொன்னதையும், வளைகூரைப் பகுதியை மொத்தமாக விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதையும் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவர் படித்தவர், அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். ஆனாலும் நாற்பது வருஷம் சுண்ணாம்பிலும் செங்கலிலும் கை வைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்புறம் நீயே முடிவு செய்.

பிரான்ஸில் தூர் நகரத்து ஆயர் கிரெகோரி 6ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த நாலு வரியை நீ போனில் சொன்னபோதே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். புனித மார்ட்டின் கல்லறைமேல் 5ஆம் நூற்றாண்டில் பெர்ப்பெத்துவுஸ் கட்டிய கோயில். நீளம் 160 அடி, அகலம் 60 அடி, இலத்தீனில் 'கமெரா' என்று அவர் எழுதும் மேல்கூரை வரைக்கும் உயரம் 45 அடி. ஜன்னல் 52, தூண் 120, வாசல் 8. கிளேர்மோனில் நமாத்தியுஸ் கட்டிய கோயிலுக்கும் இதே மாதிரி கணக்கு: 150 அடி, 60 அடி, கமெரா வரைக்கும் 50 அடி, ஜன்னல் 42, தூண் 70. எழுதியவர் 573 முதல் தூரிலேயே ஆயராக இருந்து அந்தக் கோயிலைத் தினம் பார்த்தவர். தன் இலத்தீன் கொச்சை என்று தானே ஒப்புக்கொள்கிறவர் என்றும் சொன்னாய். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. நடை எப்படி இருந்தால் என்ன, தூணை எண்ணி எழுதியிருக்கிறார் பார். ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

உன் கேள்வி அந்தக் 'கமெரா'வில்தானே நிற்கிறது? கல்லால் கட்டிய வளைகூரையா, இல்லை மரத்தில் அடித்த வெறும் மேல்தட்டா என்று. சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவு கிடைக்கவில்லை என்றாய். இரண்டு கோயிலும் இன்று இல்லாததால் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

நான் அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில்தான் பொறி தட்டியது. 52 ஜன்னல், 120 தூண். அதாவது நடுக்கூடத்து மேல்சுவர் தரையிலிருந்து எழும்பவில்லை. வரிசையாக நிற்கும் தூண்களின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுவரிலும் வெளிச்சத்துக்காக ஜன்னல் ஜன்னலாகத் திறந்துவிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட சுவர்மேல் கல் வளைகூரையை ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பட்டுத் தெரிந்துகொண்டது.

எனக்கு அப்போது 26 வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டு முகப்பில் ஒன்பதடி அகலத்துக்கு ஒரு வளைவு. ஐயாவுக்குக் காய்ச்சல், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனேன். இரண்டு பக்கமும் ஒன்றரைக் கல் தூண், அதாவது ஒன்றரைச் செங்கல் தடிமன். வளைவு அத்தனை அழகாக வந்தது, செங்கல் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து வைத்தேன். சென்ட்ரிங் பிரித்த அன்று ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் உச்சியில், அடிப்பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இடதுபக்கத் தூணின் தலை முக்கால் அங்குலம் வெளியே போயிருக்கிறது. வளைவில் ஒரு குறையும் இல்லை. அது தன் வேலையைத்தான் செய்தது, தன் பாரத்தை இரண்டு பக்கமும் தள்ளியது. தள்ளுவதைத் தாங்கத் தூணுக்குக் கனம் இல்லை.

ஐயா காய்ச்சலோடு சைக்கிளில் வந்தார். திட்டவில்லை. ரொம்ப நேரம் தூணடியில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீ வளைவைப் பார்த்தே, அது எங்கே காலை ஊன்றியிருக்குன்னு பார்க்கல்லே" என்றார். பிரித்தோம். தூணை இரண்டரைக் கல்லாக்கி, அதன் தலைக்கு மேலே சுவரை இன்னும் மூன்றடி உயர்த்திப் பாரம் ஏற்றினோம். மேலிருந்து பாரம் அமுக்கினால் வெளியே தள்ளுவது சரிந்து கீழே இறங்கிவிடும். உங்கள் ஊர்ப் பெரிய தேவாலயங்களில் வெளிச்சுவர் முட்டுகளின் தலையில் கூம்பு கூம்பாகக் கல் வைத்திருப்பதும் இதற்குத்தான் என்று பின்னால் நீ சொல்லித் தெரிந்தது. ஐயாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தது.

ஆகவே ஆத்தா, கிரெகோரி சொல்லும் 45 அடி உயரத்துக் கமெரா நடுக்கூடத்தில் கல் வளைகூரையாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தூண்மேல் நிற்கும் சுவரால் அந்தத் தள்ளலைத் தாங்க முடியாது. கோடியில் அரைவட்டமாக வளைந்து போகும் பகுதி வேறு கதை. வட்டச் சுவர், தரையிலிருந்து கனமாக எழும்பும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கல்லாலோ செங்கல்லாலோ அரைக்குவிமாடம் போட்டிருந்தால் நிற்கும். கிளேர்மோன் கோயிலுக்கு அப்படி வட்டக் கோடி உண்டு என்று கிரெகோரி எழுதியிருப்பதாகச் சொன்னாய் அல்லவா?

இது கட்டடம் சொல்வது. ஆனால் "கல் இல்லை என்றால் ஏன் கமெரா என்று எழுதினார்?" என்று உன்னிடம் யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்லிடம்தான் இருக்கிறது. அந்தப் பதிலை நீயே போன வருஷம் எனக்குப் படித்துக் காட்டினாய். பல்லாடியஸ், ரோமானியர் காலத்தில் பண்ணைவேலை பற்றி எழுதியவர். ஒன்றரை அடிக்கு ஒரு மரச்சட்டம் வைத்து, தட்டி நசுக்கிய நாணலை நெருக்கமாகப் பின்னி அடியில் கட்டி, அதன்மேல் சாந்து பூசினால் அதுவும் அவருக்குக் கமெராதான். ஒரு கல் இல்லை! செவில் நகரத்து இசிதோர் 7ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போதும் உள்பக்கமாக வளைந்து பார்ப்பது என்றுதானே சொல்கிறார்? வளைவைச் சொன்னார், எதால் கட்டியது என்று சொல்லவில்லை. அப்புறம் அந்தச் சொல் கூரையிலிருந்து இறங்கி அறை ஆகி, இருட்டறை ஆகி, கடைசியில் நம் ஊர்க் கல்யாண வீட்டில் எல்லோர் கையிலும் கேமராவாக வந்து நிற்கிறது என்று நீ சொன்ன அன்று உன் அம்மா அப்படிச் சிரித்தாள். இன்னும் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்கிறாள்.

இப்போது பார். பல்லாடியஸ் இல்லாமல் 'இது கல் இல்லாமலும் இருக்கலாம்' என்று உன்னால் சொல்ல முடியாது. தூண் கணக்கு இல்லாமல் 'இது கல்லாக இருக்க முடியாது' என்று சொல்ல முடியாது. சொல் பாதி வழி வருகிறது, கட்டடம் மீதிப் பாதி. இதில் எதை விடப்போகிறாய்? உன் பேராசிரியரிடம் இந்த ஒரு கோயிலை மட்டும் எடுத்து எழுதிக் காட்டு. என் கணக்கில் பிழை இருந்தால் அவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உன்னை வருத்தியது. பல்லாடியஸ் கட்டட வேலை பற்றிச் சொன்னது பெரும்பாலும் பிறர் நூலைப் பார்த்து எழுதியது, கட்டடக்கலை பற்றி எழுதிய பழைய ரோமானியர் விட்ருவியஸின் நூலை ஃபவெந்தினுஸ் என்பவர் சுருக்கினார், அவரிடமிருந்து இவர் எடுத்தார், ஆகவே அதை வைத்து அந்தக் காலத்துக் கட்டுமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று யாரோ கருத்தரங்கில் சொன்னதாக. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் செய்யும் வேலையில் எதுதான் பார்த்து எழுதாதது? ஐயா சொன்னதை நான் சொல்கிறேன், நான் சொல்வதை என் சித்தாள் சொல்வான். நானூறு வருஷத்துக்கு ஒரு வாக்கியம் மாறாமல் வந்தால், அதை மாற்றத் தேவைப்படவில்லை என்றும் இருக்கலாம்.

பல்லாடியஸ் சொல்லும் அந்த மணல் சோதனையையே எடுத்துக்கொள். குழிமணலில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று, சிவப்பு உசத்தி. கையில் பிடித்தால் சத்தம் எழுப்புவது கட்டட வேலைக்கு ஆகும். வெள்ளைத் துணியில் போட்டு உதறினால் கறை நிற்காதது முதல் தரம். நேற்று ராத்திரி எதிர்வீட்டு வேலைக்கு வந்திறங்கிய குவியல்களில் போய் ஒவ்வொரு பிடி அள்ளிக் காதருகே வைத்துப் பிசைந்து பார்த்தேன். எம்-சாண்ட் கல் அரைப்பது மாதிரி முரட்டுத்தனமாகக் கத்தியது. ஆற்றுமணல் மெல்லப் பேசியது. ரொப்புவதற்குக் கொட்டிய மண் ஊமை. பழைய வேட்டியில் உதறினால் ஆற்றுமணல் ஒன்றும் விடவில்லை, ரொப்புமண் மஞ்சளாக அப்பிக்கொண்டது. உன் அம்மா துவைத்த வேட்டியை எடுத்ததற்குக் கோபித்துக்கொண்டாள்.

கடல்மணல் பற்றி அவர் சொன்னதும் அப்படியே. காய நேரம் எடுக்கும், ஒரே மூச்சாகக் கட்டாமல் விட்டு விட்டுக் கட்டு, அதன் உப்பு ஈரம் கமெராவின் பூச்சைக் கரைத்துவிடும் என்கிறார். தொண்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஒப்பந்தக்காரர் செலவு மிச்சம் பிடிக்கக் கடல்மணலைக் கலந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. உப்புப் பூத்து, பொரிந்து, பூச்சு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. ஆற்றுமணலோடு மூன்றில் ஒரு பங்கு சுட்ட ஓட்டுத் தூள் சேர்த்தால் அதிசயமான உறுதி வரும் என்பதற்கு நான் என்ன சொல்ல? ஐயா காலத்தில் சுர்க்கி என்கிற செங்கல் தூள் இல்லாமல் காரை ஏது!

மாறிய இடம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? விட்ருவியஸ் குழிமணலுக்கு மூன்று பங்கு மணல், ஒரு பங்கு சுண்ணாம்பு என்கிறார். பல்லாடியஸில் இரண்டுக்கு ஒன்று. எனக்கு இப்படித் தோன்றுகிறது: முன்னவர் பெரிய கட்டட வேலை தெரிந்தவர், நல்ல சுண்ணாம்பும் நல்ல ஆளும் அவருக்குக் கிடைக்கும். பின்னவர் தோட்டம் துரவு வைத்திருப்பவருக்கு எழுதுகிறார். அங்கே சுண்ணாம்பு எப்படி வெந்ததோ, மணல் எப்படியோ. சுண்ணாம்பைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள் என்று சொல்வது பத்திரம். நானும் கிராமத்து வேலைக்கு அப்படித்தான் சொல்வேன். இது என் ஊகம்தான், நீ சரிபார்.

நீ அனுப்பிய தூர் நகரத்துப் படத்தை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். நடுவில் கடைத்தெரு, எங்கோ தள்ளித் தள்ளி இரண்டு கோபுரம். இரண்டும் ஒரே கோயில் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை. பெர்ப்பெத்துவுஸ் கோயிலுக்குப் பின்னால் அதே இடத்தில் எழுந்த பெரிய கோயில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குதிரை லாயமாகி, கவனிப்பார் இல்லாமல் 1797இல் வளைகூரை விழுந்ததாகச் சொன்னாய். மிச்சம் நின்ற சார்லமேன் கோபுரமும் 1928இல் பாதி சரிந்தது. கூரையில் ஓட்டை விழுந்தால் முதலில் போவது காரை. கல் அப்புறம்தான்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கோபுரத்துச் சுவர்க் கனம் எத்தனை என்று அளந்து எழுது. ஜன்னல் ஓரத்தில் டேப் வைத்தால் போதும்.

அம்மா பருப்புப் பொடியும் சுக்குப் பொடியும் வைத்திருக்கிறாள். பக்கத்தில் சின்னப் பொட்டலத்தில் ஒரு பிடி ஆற்றுமணல் இருக்கும், மிளகு என்று நினைத்துவிடாதே. ராத்திரி சத்தம் அடங்கியதும் காதருகே வைத்துப் பிசைந்து பார். பல்லாடியஸ் அதற்கு 'ஸ்திரிதோர்' என்று போட்டிருப்பதாகச் சொன்னாய், தமிழில் என்ன எழுதுவது என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை. நான் நெறுநெறுப்பு என்பேன். உன் அம்மா கரகரப்பு என்கிறாள். நீ கேட்டுவிட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா