பிரண்டன்பர்க் வாயில் முன் நின்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பெர்லினில் பிரண்டன்பர்க் வாயில் முன்னால் நின்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் தலைக்கு மேலே நான்கு குதிரை பூட்டிய தேர் தெரிகிறது. அதை வடிவமைத்தவரைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. யோஹான் கோட்ஃபிரீட் ஷாடோ. 1764இல் அதே ஊரில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவர்.

வாலிப வயதில் காதலியோடு வியன்னாவுக்கு ஓடிப்போனார். அப்புறம் ரோமில் இருந்து சிற்பம் பழகினார். 24 வயதில் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசின் அரசவைச் சிற்பி! தேர் 1793இல் வாயில்மேல் ஏறியது. 1806இல் நெப்போலியன் அதைக் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனார்; 1814இல்தான் அது திரும்பி வந்தது. இரண்டாம் உலகப்போரில் சிதைந்து ஒரு குதிரைத் தலை மட்டும் மிஞ்சியது. நீ பார்த்தது நகல்.

ஆகவே அவர் கைபட்ட கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத் தீவில் இருக்கும் ஆல்ட்டே நேஷனல்காலரி என்ற கலைக்கூடத்துக்குப் போ. அங்கே லூயிசே, ஃப்ரீடரிக்கே என்ற அக்காளும் தங்கையும் பளிங்குச் சிலையாய்த் தோளணைத்து நிற்கிறார்கள். அரச குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட, இருபதைத் தொடாத பெண்கள். ஷாடோ அவர்களை நேரில் அளவெடுத்தார். சிலைக்கான உடைகளை அவர்களுடைய அலமாரியிலிருந்தே தேர்ந்தெடுத்தார். தையல்காரர் பிள்ளை அல்லவா! மெல்லிய துணி உடம்பில் படிந்து விழுவதைப் பார்த்தால் பளிங்கு என்பதே மறந்துபோகும். லூயிசேயின் தாடைக்குக் கீழே ஒரு துணிக்கட்டு இருக்கும். கழுத்து வீக்கத்தை மறைக்க அவள் கட்டியது. அதையும் அப்படியே வடித்தார். கிரேக்கத் தேவதையாக ஆக்காமல், அந்தப் பெண்ணாகவே விட்டார். எனக்கு அவர் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

லூயிசேயின் கணவர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்முக்கோ அந்தச் சிலை அறவே பிடிக்கவில்லை. அரசரானதும் கண்ணில் படாத ஓர் அறையில் ஒதுக்கிவைத்தார். பல்லாண்டுகள் அது அங்கேயே கிடந்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1810இல் லூயிசே 34 வயதில் இறந்தபோது, கல்லறைச் சிலை செய்யும் வேலை ஷாடோவின் மாணவர் ரௌஹுக்குப் போனது. ஜெர்மனில் ரௌஹ் என்றால் புகை. “என் புகழ் புகையாய்ப் போயிற்று” என்றாராம் ஷாடோ. ஆனாலும் 1816 முதல் 1850இல் சாகும்வரை பெர்லின் கலைக்கழகத்தின் இயக்குநராக அவர்தான் இருந்தார்.

போனால் சிலையைப் பின்பக்கமும் சுற்றிப் பார். கீழே தொங்கும் தங்கையின் கையை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்